தலைக்கு மேல் குளம்

என் கணவருக்கு வீடு அலங்கரிப்பதுதான் தொழில். ஊரார் வீட்டில் செய்யத் தயங்குவதை எல்லாம் எங்கள் வீட்டில் செய்து பார்ப்பார். பழைய வாஷிங் மெஷின் கதவுகளைச் சுவரில் பதித்து ஜன்னல் என்றார். உடைந்த பாட்டில்களின் அடிப்பாகத்தைச் சிமென்டில் புதைத்துத் தரை என்றார். குதிகால் போனாலும் பொறுத்துக்கொண்டேன்.

இந்த மாதம் கூடத்துக் கூரையின் நடுவில் கண்ணாடி போட்டு, அதன்மேல் மொட்டைமாடியில் தண்ணீர் நிரப்பினார். வெயில் ஏறினால் கூடம் முழுக்க வெளிச்சம் அலையலையாக நெளியும். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆயிரத்து நானூறு லிட்டர், ஒரு கார் எடை என்று அவரே பெருமையடித்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரத்தில் பூசிய பசை இறுகப் பத்து நாள் ஆகும், அதுவரை தண்ணீர் விடாதீர்கள் என்று கண்ணாடிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் ஆறாம் நாளே குழாயைத் திறந்துவிட்டார். புது வீடு கட்டும் ஒரு தம்பதி பார்க்க வருகிறார்களாம்.

அவர்கள் எட்டாம் நாள் முற்பகலில் வந்தார்கள். என்னையும் எங்கள் பதினோரு மாதப் பையன் குண்டுவையும் கண்ணாடிக்கு நேர் கீழே விரிப்புப் போட்டு உட்கார வைத்தார் இவர்.

"குடும்பமே கீழ உட்கார்ந்திருந்தாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார் காதோடு காதாக. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் புத்தியை எதால் அடிப்பது?

வந்த பெண்மணி வாசலிலேயே நின்று, பயமாக இல்லையா என்று கேட்டார். பழகிவிட்டது என்று சிரித்து வைத்தேன்.

அப்போது குண்டுவின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் கை தட்டினான். அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவரை ஓர் ஈரக்கோடு வந்திருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி குளிர்ந்தால் வேர்க்கும், அவ்வளவுதான் என்று வந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். வாய்தான் அப்படிச் சொன்னது. கால் சுவரை ஒட்டி நகர்ந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் நிரப்பியதிலிருந்து இந்த மனிதர் கூடத்தின் நடுவே நடக்கவே இல்லை. சமையலறைக்குப் போனால்கூடச் சுவரோரமாகச் சுற்றித்தான் போனார்.

மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். எழுந்திருக்கப் பார்த்தேன், பயத்தில் கால் வரவில்லை.

"இவனைத் தூக்கிக்கோங்க. என்னால எழுந்திரிக்க முடியல."

அவர் சுவரோரத்தில் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினார்.

"வாடா குண்டு, அப்பாகிட்ட வா."

நாலு எட்டு தூரம். அவர் ஓர் எட்டுகூட வைக்கவில்லை. குண்டு அடுத்த சொட்டுக்காக வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் நின்ற பெண்மணிதான் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு நேராக உள்ளே வந்தார். குழந்தையை ஒரு கையில் வாரிக்கொண்டு, மறுகையால் என் தோளைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். வாசல்படி தாண்டியதும் குண்டுவைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

கண்ணாடி உடையவில்லை. இவர் சுவரோரமாகவே சுற்றி வந்து சேர்ந்தார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிக் கையை நீட்டினார். குண்டு அவரிடம் தாவினான். நான் விடவில்லை.