கடைசித் தும்பி யாருடையது?

தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தபோது செலீனின் கைபேசி கிணுகிணுத்தது. சிவாஜினி.

"செலீன் அக்கா, வெயில் எறிக்குது பாத்தீங்களோ? நாளைக்குப் பனி கொட்டுமாம். நான் மத்தியானம் இல்-பிசார்ச் சதுப்புக்குப் போய்த் தும்பி பாக்கப்போறன். நீங்களும் வாங்கோவன்."

"நவம்பரிலை தும்பியோ? விசரே உமக்கு? எனக்கு முழங்கால் நோ, நான் வரேல்லை."

சிரித்துக்கொண்டுதான் வைத்தாள். வைத்த கையோடு யன்னலுக்கு ஓடி வெயிலைப் பார்த்தாள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் பூச்சி பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வழக்கம். கம்பளிப்புழு, அந்துப்பூச்சி என்று யாரும் எதையும் போடலாம். ஆனால் பனிக்காலம் முழுவதும் குழுவின் முகப்பில் நிற்பது, அந்த ஆண்டின் கடைசித் தும்பியை எடுத்தவரின் படம். வருடா வருடம் அது சிவாஜினி. இந்த முறைதான், போன கிழமை செலீன் எடுத்த சிவப்புத் தும்பிக்குப் பிறகு எவர் கண்ணிலும் எதுவும் படவில்லை. இன்று ஒரு பகல் தாண்டினால் முகப்பு அவளுடையது.

தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. கையில் அகப்பட்ட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு செலீன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சதுப்பின் மேல் போட்ட மரப்பாலத்தில் ஆளரவம் இல்லை. கைப்பிடிக் கட்டையில், மிளகாய்ப் பழம் போல ஒரு தும்பி.

படம் எடுத்துப் பயனில்லை. பின்னால் வருகிறவள் எடுத்தால் அதுதானே கடைசி? கலைக்க வேண்டும். கைக்குட்டையை வீசினாள். எழும்பியது, திரும்பி வந்து அங்கேயே குந்தியது.

"போ சனியனே. ஆத்துக்கு அங்காலை லவாலுக்குப் போ."

இன்னொரு வீச்சு. காணவில்லை. அப்பாடா.

"அக்கா, அசையாதேங்கோ."

பின்னால் சிவாஜினி. கமரா கண்ணோடு ஒட்டியிருந்தது. "முழங்கால் சுகம் போலை?"

செலீன் மெல்லத் தலையைத் திருப்பினாள். இடது தோளில் தும்பி. குளிர் வந்தால் தும்பி வெயில் பட்ட வெளிர் நிறத்தைத் தேடிக் குந்தும் என்று குழுவுக்கே பாடம் எடுத்தவள் செலீன்தான். அவசரத்தில் மாட்டி வந்ததோ சந்தன நிற ஸ்வெட்டர்.

ஓர் உலுக்கு போதும். உலுக்கலாமா?

"என்ரை முகமும் படத்திலை விழுதோ?"

"ஓமக்கா. நல்ல வடிவா."

செலீன் மூச்சை அடக்கினாள். க்ளிக்.

பின்னேரம் குழுவின் முகப்பு மாறியது. சிவப்புத் தும்பி, அதன் கீழே ஒரு கீற்றுச் சந்தன நிறம். முகத்தை வெட்டியாகிவிட்டது.

"அக்கா, அது என்ன இலை?" என்று குழுவிலிருந்த கஜீவன் கேட்டிருந்தான்.

"காய்ஞ்ச நாணல்," என்று சிவாஜினி பதில் போட்டிருந்தாள்.

செலீன் குழுவின் நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையை அலுமாரிக்குள் திரும்ப வைத்தாள். அதற்குப் பதிலாகச் சந்தன நிற ஸ்வெட்டரைத் தோய்த்து, இடது தோள் சுருங்காமல் நீவிவிட்டுக் காயப்போட்டாள்.