இரண்டு பக்கமும் எழுபத்தொன்பது

தொடரின் பதினோராவது பாகத்தைத் தொலைக்காட்சி நிலையம் திருப்பி அனுப்பிவிட்டது. சராசரி ஒலி மைனஸ் இருபத்துமூன்றில் நிற்க வேண்டும் என்பது விதி, அதில் குறையில்லை. ‘வசனம் நடுவில் நிற்கவில்லை, இடப்பக்கம் நான்கு டெசிபல் அதிகம்’ என்று எழுதியிருந்தார்கள். பதினெட்டு வருடமாக ஒலி மிக்சிங் செய்கிறவளிடம் இதைச் சொன்னால் கோபம் வராதா? என் காதுக்கு வசனம் வலப்பக்கம் சாய்ந்தது. அதனால்தான் இடப்பக்கத்தை ஏற்றினேன்.

ஏற்றும்போது மீட்டரும் இடப்பக்கம் கூடுதல் என்றுதான் காட்டியது. மீட்டர் கிடக்கட்டும், காதுதான் முதலாளி என்பது என் கொள்கை. முதலில் ஒலிப்பதிவு செய்தவரைத் திட்டினேன். அவர் மைக்கைக் குறை சொன்னதும், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். இப்போது இடது ஸ்பீக்கர்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மிக்சிங் அறையின் ஒலி அளவு பார்க்கிறவரை வரவழைத்தேன்.

அவர் என் நாற்காலியை நகர்த்திவிட்டு, என் தலை இருக்கும் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தினார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மழை போலச் சீரான இரைச்சலை ஓடவிட்டார்.

“வலது எழுபத்தொன்பது டெசிபல்,” என்றார். கொஞ்சம் கழித்து, “இடதும் எழுபத்தொன்பது.”

“உங்க மீட்டர் சரியில்லண்ணே. இடது கம்மியா இருக்குறது உங்களுக்கே கேக்கலையா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது மேடம்.”

பையிலிருந்து வேறொரு மீட்டரை எடுத்தார். அதுவும் எழுபத்தொன்பது என்றது.

“ரெண்டையும் மாத்தி மாத்தி ஓடவிடுங்க,” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இடது ஸ்பீக்கர் இப்போது என் வலப்பக்கம். கோளாறு ஸ்பீக்கரில் என்றால், இந்தத் தடவை என் வலக்காதுப் பக்கம்தான் கம்மியாகக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே கேட்கட்டும் என்று வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினேன். வலப்பக்கம் நன்றாகக் கேட்டது. இடப்பக்கம்தான் மங்கல். முன்னால் திரும்பினேன். அப்போதும் இடப்பக்கம்தான்.

பயந்துவிட்டேன். இந்த இரண்டு காதை விட்டால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

“ரூம்ல ஒரு கோளாறும் இல்ல மேடம்,” என்றார் அவர். நாற்காலி திரும்பியதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒயரைச் சுருட்டினார்.

சாயங்காலம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், இடப்பக்கம் இடமிருந்தும் சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

“ஏன்டி சுத்திக்கிட்டு வர்ற?”

“அந்தப் பக்கம் இருந்து பேசுனா உனக்குக் கேக்காதேம்மா.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அப்பாவும் இந்தப் பக்கம் வந்துதான பேசுறாரு.”

“எப்பலருந்து?”

“போன வருசம் லீவுக்கு முன்னாடியே,” என்று சொல்லிவிட்டு, வகுப்பில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் தலைமுடியை ஒதுக்குவதுபோல இடக்காதை உள்ளங்கையால் இறுகப் பொத்தினேன். அவள் பேசிக்கொண்டே போனாள். கையை எடுத்துப் பார்த்தேன். மறுபடி பொத்தினேன். ஒரு வித்தியாசமும் இல்லை.