குழாயடியில் ஏழாவது டின்

மலாயா சுதந்திரமடையும் மெர்டேக்காவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. காஜா பேராங்கில் நகராட்சித் தெருக்குழாய்களைத் திறந்து மூடுகிற பொன்னுதுரைக்கு மட்டும் அது முன்கூட்டியே வந்துவிட்டது. சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து மகள் ருக்மணிக்கு வந்த கடிதத்தில் 7 என்று இருந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எண் தெரியாதா? மலாயா முழுக்க ஏழாவது! அவர் நெஞ்சு நிமிர்ந்த வேகத்தில் சட்டைப் பொத்தான்கள் இரண்டு தெறித்தன. ஒன்று பக்கத்து வட்டாரமான தெங்கேராவில் கிடைத்தது. மற்றது கடலில் விழுந்திருக்கலாம் என்று போலீசார் விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

குழாயடியில் அவர் சேதி சொல்லி முடிப்பதற்குள் ருக்மணி ஓடி வந்தாள்.

“அப்பா, நிப்பாட்டுங்க! காலேஜ்ல இருக்கிற நூறு சீட்டும் கொடுத்தாச்சு. அதுக்குப் பின்னால காத்திருக்கிறவங்கள்ல நான் ஏழாவது.”

“அப்போ நூத்தி ஏழா?”

“அலாமாக்!” என்றாள் ஆப்பம் விற்கும் அன்னம்மா. “அண்ணே, போயி பொத்தானைத் தைச்சுக்குங்க.”

குழாயடியே சிரித்தது. ருக்மணி சிரிக்கவில்லை. தண்ணீருக்காக வரிசையில் வைத்திருந்த டின்களைக் காட்டினாள்.

“இதே மாதிரிதாம்பா. முன்னால உள்ளவங்க டின்னைத் தூக்கிட்டுப் போனா நம்ம டின் நகரும்.”

“யாரும் தூக்கலேன்னா?”

வீட்டில் இன்னொரு கடிதம் இருந்தது. மெட்ராஸ் கல்லூரி ஒன்று இடம் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் சிங்கப்பூர் கைவிட்டுப் போகும் என்று நினைத்தார் பொன்னுதுரை; மகளைப் பார்க்க வருஷக்கணக்காகும். சொல்லாமல் காத்திருந்தால், இரண்டுமே போகலாம்.

“இதுக்கா முழிக்கிறீங்க?” என்றாள், இரண்டு கடிதத்தின் கதையையும் கேட்ட அன்னம்மா. “நான் இங்க ஒரு டின், அடுத்த தெரு பைப்புல ஒரு டின் வெக்கிறேன். எது நெறையுதோ அதைத் தூக்குவேன். தூக்கினதும் மத்ததை எடுத்துருவேன். இல்லாட்டிப் பின்னால நிக்கிறவ சும்மா விடுவாளா?”

இருபது வருஷம் குழாய் திறந்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. ருக்மணியின் முகம் தெளிந்தது. “முன்னால இருக்கிறவங்களும் லண்டன்ல, டப்ளின்ல டின் வெச்சிருப்பாங்கப்பா!”

வியாழக்கிழமையே மெட்ராசுக்குச் சம்மதத் தந்தி போனது. மெட்ராஸ் போகும் கப்பலில் இடத்துக்கும் பெயர் கொடுத்தார்கள். அதன்பின் பொன்னுதுரை தினமும் குழாயைத் திறந்துவிட்டு ஏழாவது டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்த பார்வையில் டின் இரண்டு முறை வெட்கப்பட்டதாகக் கேள்வி.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கையில் சிங்கப்பூரிலிருந்து தந்தி வந்தது: இடம் உண்டு, உடனே வரவும்.

பொன்னுதுரை சட்டையைக்கூட மாற்றாமல் தபால் நிலையத்துக்கு ஓடினார். மெட்ராஸ் இடம் வேண்டாம் என்று தந்தி எழுதச் சொன்னார்.

“என்ன அவசரம்?” என்றார் குமாஸ்தா கலியாணசுந்தரம். “சிங்கப்பூர்ல போயி உக்காந்த பிறகு சொல்லிக்கலாமே. ஒரு மாசம் ரெண்டும் கையில இருக்கட்டும்.”

“அங்க ஒரு டின்னு காத்துக்கிட்டு நிக்குதுங்க. இப்பவே அடிங்க.”

சாயங்காலம் குழாயடியில் நின்று, இந்த முறை நிதானமாகவே அறிவித்தார்:

“நம்ம காஜா பேராங்கால ரெண்டு டாக்டர். ஒண்ணு சிங்கப்பூர்ல, ஒண்ணு மெட்ராஸ்ல.”

“மெட்ராஸ்ல யாருண்ணே?” என்றாள் அன்னம்மா.

“பேரு தெரியாது. ஆனா நல்லாப் படிக்கிற புள்ள.”