நனைந்த ஓட்டின் எடை

"நிமிர்ந்து நில்லு. நீ ஆடினா முள்ளும் ஆடும்" என்று கட்டிலில் படுத்தபடியே அதட்டினார் அப்பா.

மகள் எடைப்பொறியின் மேல் ஐந்து ஓடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாக அண்டாவில் ஊறிய ஓடுகள். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, உடுப்பை நனைத்து, தரையில் குளம் கட்டியது. அவள் குனிந்து முள்ளைப் பார்க்க முடியாது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"எழுபத்து நாலரை."

"இவ அறுபது. இவளைக் கழிச்சிடு. பதினாலரை. அஞ்சால வகுத்தா ரெண்டே தொள்ளாயிரம்." இவ்வளவு பேசியதற்கு அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "ஓடு ஒண்ணு மூணு கிலோன்னு வெச்சுக்கோ. எழுது."

அப்பா முப்பத்தோரு வருடம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டவர். வீட்டுக்கு வருகிறவர்களை "வாங்க" என்று சொல்லுவதற்கு முன்பே கண்ணால் எடை போட்டு முடித்திருப்பார். ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதற்கு மறுநாள் காலையில்தான், கடப்பாரையை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் முதல் குழியைத் தோண்டினார். எட்டு மூலை, எட்டுத் தூண், எல்லாப் பக்கமும் திறந்த ஒரு கூடம். யாரோ இடித்த வீட்டு மரங்களை வாங்கி வந்து, இழைத்து, அறுத்து, தானே நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஏணியைப் பிடித்தாள். மற்ற நாட்களில் அவளுக்குப் பள்ளி வேன் ஓட்டும் வேலை. சொந்தக்காரர்கள் கிண்டலுக்கு வைத்த 'மண்டபம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆறு மாதத்தில் மேல்மரம் வரை ஏறிவிட்டது. கூரை மட்டும்தான் பாக்கி. அவருக்கும் இனி நாட்கணக்குதான் என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள்.

கூரைக்கு எதைப் போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

"கீற்றுப் போட்டா குளுமையா இருக்கும்ங்க" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் மாத்தணும். அத்தனை வருஷத்துக்கு நான் எங்க போறது?"

அதோடு கீற்றுப் பேச்சு முடிந்தது.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் இரண்டே கோடையில் மஞ்சளாகும் என்று தள்ளுபடி ஆயிற்று. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று அப்பாவின் ஓடு. மற்றொன்று அண்ணனின் தகரம். அண்ணனுக்கு ஊரிலேயே பெரிய ஷீட்டுக் கடை. அப்பனுக்குப் போடாத கூரையை ஊருக்கெல்லாம் போட்டு என்ன பயன் என்று அவனுக்கு ஆதங்கம். அது நியாயம்தான். ஆனால் அவன் அதைச் சொல்லும் விதத்தில் எப்போதும் கொஞ்சம் கடை வாடை அடிக்கும்.

அன்று மதியமும் வந்தான். கையளவு வெட்டிய தகரத் துண்டுகளைக் கட்டில் மேல் சீட்டுக்கட்டுபோலப் பரப்பினான். பச்சை, செங்கல் நிறம், சாம்பல்.

"ஒரே நாள் வேலைப்பா. கனமே இல்ல. நீங்க நட்டிருக்கிற தூணெல்லாம் பழைய மரம். ஓட்டைத் தாங்குமா?"

அப்பா ஒரு துண்டை விரலால் சுண்டினார். அது டிங்கென்றது.

"தகரத்துக்குக் காத்துன்னா பயம். ஆணி அடிச்சுப் பிடிச்சு வெக்கணும். ஓடு தன் எடையிலேயே உக்காரும்டா. பிடிச்சு வெக்க ஒருத்தன் வேண்டாம்."

"எடை தாங்கணுமேப்பா."

"என்கிட்டயா எடையைப் பத்திப் பேசுற?"

அண்ணன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். வாசலில் தங்கையை நிறுத்தி, "அவர் படுக்கையில இருக்கார். அவர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதே. நாளைக்கு அது யார் தலையிலயாவது விழுந்தா நீயா பதில் சொல்லுவ?" என்றான்.

"ஆமா, நானே சொல்றேன்" என்றாள் வெடுக்கென்று.

திரும்பி வந்தபோது அப்பா நோட்டை மார்பில் சாய்த்து, பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மேலே ஏற்றுவதற்கு முன், தூணுக்குத் தூண் போடும் உத்திரக் கட்டை ஒன்றை இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்து மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்திருந்தார். தொண்ணூறு கிலோ வரைக்கும் அசையவில்லை. எட்டுக் கட்டைக்கு எழுநூற்று இருபது. இருநூற்று இருபது ஓடு, நனைந்த கணக்கில் அறுநூற்று அறுபது.

"அறுபது கிலோ மிச்சம். எதுக்குன்னு சொல்லு பார்ப்போம்?"

"எதுக்கு?"

"ஓடு உடைஞ்சா நீ மேல ஏறி மாத்தணும்ல? உனக்குத்தான் அது." அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "ஒரு தடவை பார்த்தது போதாது. இன்னும் அஞ்சு ஓட்டை எடுத்துட்டு வா."

அவள் அண்டாவிலிருந்து ஐந்து ஓடுகளை எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பாவின் பேனா தரையில் உருண்டிருந்தது. அம்மா அவர் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டியது.

மகள் ஓடுகளைக் கீழே வைக்கவில்லை. எடைப்பொறியின் மேல் ஏறி நிமிர்ந்து நின்றாள்.

"பாரும்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் மகள் எதிர்பார்த்தாள். அம்மா ஒரு கையை அவர் தாடையிலிருந்து எடுக்காமலே எட்டிக் குனிந்தாள்.

"எழுபத்து நாலரை" என்றாள்.

அதை எழுதிவிட்டுத்தான் மகள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர்கள் குளித்து, ஈரத்தலையோடு வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கொல்லையில் கூரையில்லாத மண்டபத்துக்குள் நல்ல வெயில். மேலே போன மரங்களின் நிழல் மட்டும் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஆளுக்கு ஒரு கோடு நிழலில் தலையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷீட்டு போட்டுடறேன். வர்றவங்க வெயில்ல காயிறாங்க" என்றான் அண்ணன்.

"ஓடுதான்" என்றாள் அவள்.

"ஆரம்பிச்சுட்டியா?"

"அப்பா கணக்குப் போட்டு வெச்சிருக்கார். படிச்சுப் பாரு."

நோட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். அவன் வேண்டாவெறுப்பாகத்தான் புரட்டினான். பிறகு நிதானித்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். அண்ணாந்து மேலே பார்த்தான். மறுபடி நோட்டு. மறுபடி மேலே. அவன் முகம் மாறுவதைப் பார்த்து அவள் கிட்டே வந்து நின்றாள்.

"இந்த மேல்மரம் எங்க?" என்றான் மெல்ல.

"எது?"

"எட்டுக் கைமரம், சுத்தி அடிச்ச சட்டம், குறுக்கே அடிச்ச ரீப்பர். ஓடு இதுக்கு மேலதானே உக்காரணும்? இதோட எடையே நூத்தம்பது வரும். அதையும் உத்திரம்தான் தாங்கணும். அவர் அதைச் சேர்க்கவே இல்ல."

அவள் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ஓடு இருந்தது. ஓட்டின் ஈரம் இருந்தது. மேலே ஏறப்போகிற அவளே இருந்தாள். மரம் இல்லை. முப்பத்தோரு வருடம் சரக்கோடு வரும் லாரியை எடை போட்டு, வெறும் லாரியைக் கழித்துக் கழித்துப் பழகிய கை. சுமக்கிற மரத்துக்கும் ஒரு எடை உண்டு என்பதே அவருக்கு நினைவில் வரவில்லை. சுமைதான் கணக்கு, வண்டி என்றைக்குமே கணக்கில் கிடையாது.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. துக்க வீட்டில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சித்தப்பா திடுக்கிட்டு எழுந்தார்.

"தப்புதான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பா தப்பாப் போட்டுட்டார்."

"அதைத்தான் நானும் அன்னிக்கே—"

"அதுக்காகத் தகரம் கிடையாது. நடுவுல இன்னொரு தூண் நடலாம். கைமரமெல்லாம் சேர்ற இடத்துக்கு நேர் கீழே. தாங்குமா தாங்காதா? நீ சொல்லு, உனக்குத்தான் தெரியும்."

அண்ணன் எழுந்து மண்டபத்தின் நடுவில் போய் நின்றான். தாங்காது என்று சொல்லியிருந்தால் அத்தோடு அவன் ஜெயித்திருப்பான். அவன் மேலே பார்த்தான். உதட்டுக்குள் ஏதோ கூட்டினான்.

"தாங்கும்" என்றான். "பாதி எடையை அது வாங்கிக்கும். ஆனா அசிங்கமா இருக்கும். நடு மண்டபத்துல தூண் இருந்தா எங்க உக்கார்றது?"

"சுத்தி உக்காருங்க" என்றாள் அம்மா.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, இன்னிக்குப் போய்க் குழி தோண்டுறதா?" என்றார் சித்தப்பா. "நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"வரட்டும். நாலு பேரும் ஆளுக்கொரு கூடை மண் அள்ளட்டும்."

சித்தப்பா தன்னையறியாமல் நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். அதைப் பார்த்து மற்றவர்களும் நகர்த்தினார்கள். மண்டபத்தின் நடுவே வட்டமாக இடம் உண்டாயிற்று. மகள் கடப்பாரையை எடுத்தாள். நாலு குத்துக் குத்தியதும் அண்ணன் வந்து, "தள்ளு, நீ கோணலாத் தோண்டுற" என்று அதை வாங்கிக்கொண்டான். குளித்துப் போட்ட வெள்ளைச் சட்டை அரை மணியில் செம்மண்ணாயிற்று. முழங்கால் ஆழம் போனதும் கடைக்குப் போன் செய்து சிமெண்டும் ஜல்லியும் அனுப்பச் சொன்னான். "என்ன ஷீட்டு சார்?" என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள் போலிருக்கிறது. "ஷீட்டு இல்லடா, ஓட்டுக்கு" என்று கத்தினான்.

சுவரோரம் கிடந்த மீந்த மரத்தைச் சித்தப்பாவும் அவனுமாகத் தூக்கிக் குழியில் இறக்கினார்கள். மகள் தூக்குக்குண்டைப் பிடித்து நேர் பார்த்தாள். கலவையைக் கொட்டிக் குத்தினார்கள். இனி அது பிடிக்கும்வரை மரம் சாயாமல் இருக்க வேண்டும்.

"கயிறு கொண்டு வாங்க. நாலு பக்கமும் இழுத்துக் கட்டிடலாம்" என்றான் அண்ணன்.

அம்மா எழுந்து வந்தாள். மரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கயிறே போதும். நீ போய் உக்காரு."

"கயிறு தளரும்."

"எவ்வளவு நேரம்மா நிப்ப?"

அம்மா மரத்தில் கன்னத்தை வைத்து, தூக்குக்குண்டைப் பார்த்து, அரை விரல் அளவு இந்தப் பக்கம் திருத்திக்கொண்டாள். அண்ணன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அதைக் கட்டு என்று யாரும் சொல்லவில்லை.

யாரோ எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார்கள். மகள் ஒரு டம்ளரை ஊதி ஆற்றி அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனாள். கையை எடுக்காமலே அம்மா ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை கம்மி" என்றாள்.