பாண்டிச்சேரியில் ஒரு மத்தியானச் சாப்பாடு

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி நடத்தும் குருவம்மாளுக்கு ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை. புருஷன் போன பிறகு தறிகளைத் தன் பொறுப்பில் எடுத்ததிலிருந்து, மத்தியானச் சோறு என்பது நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போடுவதுதான். அதற்குள் நூல் அறுந்தது என்று ஒருவர், லாரி வந்துவிட்டது என்று ஒருவர் கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் துணி கொடுப்பது பற்றிப் பேச அவள் கிளம்பியபோது, துணைக்கு வந்தவள் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த காலத்திலிருந்து சிநேகிதி. கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். போன வேலை காலையிலேயே நல்லபடியாக முடிந்தது. குருவம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு ரிக்‌ஷா தேட, பரிபூரணம் அவள் கையைப் பிடித்துக் கடற்கரைப் பக்கமிருந்த பிரெஞ்சு ஓட்டலுக்கு இழுத்துப் போனாள். டிரெயினிங்குக்கு வந்த காலத்தில் வெளியே நின்று பார்த்ததோடு சரி, இன்றைக்கு உள்ளே போயே தீர வேண்டும் என்றாள்.

பழைய பங்களா. முற்றத்துச் சுவரில் காகிதப்பூ படர்ந்திருந்தது. மேசையில் விரித்திருந்த துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, நல்ல நூல்தான் என்றாள் குருவம்மாள். பரிமாற வந்தவர் நல்லவேளையாகத் தமிழ்க்காரர். மாட்டுக்கறி மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று அவரிடமே விட்டுவிட்டார்கள்.

முதலில் வெங்காய சூப் வந்தது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மறந்துவிட்டார்களோ என்று குருவம்மாள் அடுக்களைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். இங்கே பேசிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள் என்று பரிபூரணம் சொல்ல, சரி என்று பேச ஆரம்பித்தார்கள். கணக்கு டீச்சர் ஆவுடையம்மாளின் நடையைப் பரிபூரணம் உட்கார்ந்தபடியே செய்து காட்ட, குருவம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மீன் வந்தது. வெண்ணெயில் பொரித்து எலுமிச்சம்பழம் பிழிந்தது. காரமில்லையே என்று குறைப்பட்டவள், மூன்றாவது வாயில் அந்தக் குறையை மறந்தாள்.

"ஏட்டி, நான் கல்யாணம் கட்டிக்கிடப் போறேன்" என்றாள் பரிபூரணம்.

குருவம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

மாப்பிள்ளை பெயர் தவசிமுத்து. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேன். மனைவி இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழக்கமாம். கட்டிக்கொடுத்த மகளே முன்னின்று பேசினாளாம். ஈஸ்டர் கழிந்து சர்ச்சில் வைத்துக் கல்யாணம்.

நாற்பத்தாறு வயதில் கல்யாணமென்றால் ஊர் என்ன பேசும் என்பதுதான் குருவம்மாளுக்கு முதலில் தோன்றியது. அடுத்து, இனி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டவுன் பஸ் பிடித்துத் தன்னைப் பார்க்க யார் வருவார்கள் என்று தோன்றியது. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

"இத ஊர்லயே சொல்லிருக்கலாம்லா?"

"உன் கம்பெனியில வச்சு எத்தன தடவ வாயெடுத்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் யாராவது கூப்பிட, நீ எந்திரிச்சுப் போயிட்டே. இங்க உன்னைக் கூப்பிட ஆளில்ல."

குருவம்மாளுக்குச் சுருக்கென்றது. மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். இத்தனை வருஷமும் நைட் டியூட்டி முடிந்து, பூட்டிய வீட்டைத் தானே திறந்து தானே காப்பி போட்டுக் குடித்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இத்தனை பயத்தை இதற்கு முன் பார்த்ததில்லை.

"அவிய உன்னைப் பேச விடுவாகளா?" என்று கேட்டாள்.

"நான் பேசுறதக் கேக்கத்தான், கட்டுப் பிரிச்ச பொறவும் வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தாக."

குருவம்மாள் சிரித்துவிட்டாள். ஆலங்குளம் ஒன்றும் சீமையில்லை, ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி வாரேன் என்றாள். கல்யாணச் சேலை தன் பொறுப்பு என்றும் சொன்னாள். எங்கள் வழக்கத்துக்கு வெள்ளைதான் என்று பரிபூரணம் சொல்ல, கரையாவது அரக்கில் இருக்கட்டும் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். புட்டிங் வந்து, காப்பி வந்து, மற்ற மேசைகளெல்லாம் காலியான பிறகும் அந்தக் கரை விவகாரம் முடிந்தபாடில்லை.