ஒப்படைத்தவள்

"தாடையைக் கட்டணும் மதினி. வாய் தொறந்துகிட்டே இருக்கு பாருங்க" என்றாள் நாத்தனார் பாண்டீஸ்வரி.

சுகந்தினி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்தாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போன காலத்தில் அம்மா கொண்டுவந்த துண்டுச் சுருள்கள் இன்னும் ஒரு பை நிறையக் கிடந்தன. பாண்டீஸ்வரி தலையைத் தூக்கிப் பிடிக்க, தாடைக்கு அடியில் துணியைக் கொடுத்து உச்சியில் முடிந்தாள். கைக்குப் பழகிய வேலைதான். முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் அம்மாவும் அவளும் சேலைகளைக் கிழித்து எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அம்மா மனோன்மணியின் உயிர் விடியும்போது போயிருந்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதுவரை அகதி முகாமிலேயே இருந்தவளை, அனுமதி வாங்கி மம்சாபுரத்துக்கு அழைத்துவந்தது மருமகன் பாலகணேஷ்தான். மில் வேலைக்குப் போன இடத்தில் சுகந்தினியைப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் அவன்.

வாசலில் பாலகணேஷின் பெரியப்பா ஐயாதுரை நாற்காலியில் உட்கார்ந்து, பாடை கட்டுகிறவர்களுக்கு மூங்கிலை எப்படி வெட்டுவதென்று சொல்லிக்கொண்டிருந்தார். சுகந்தினி வெளியே வந்ததும் குரலைத் தணித்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். பாலாதான் கொள்ளி வைக்கேங்கான். வைக்கட்டும், நல்லதுதான். ஆனா மூத்தவன் ஒருத்தன் இருக்கான்னு உங்கம்மா எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாவளே."

சுகந்தினி கையிலிருந்த மிச்சத் துணியைச் சுருட்டினாள்.

"அவன் இருக்கான்னா, அவன் பேரைச் சொல்லித்தான் கொள்ளி வைக்கணும். இல்லேன்னா அவனும் போயிட்டான்னு வச்சு, அவனுக்கும் சேத்து இன்னைக்கே நீர்மாலை எடுத்துக் காரியத்தை முடிச்சிருவோம். பாவம், எங்க அலையுதோ. ரெண்டுல ஒண்ணு நீதான் சொல்லணும். செத்த நேரம் யோசிச்சுச் சொல்லு."

அவர் குரலில் கரிசனம்தான் இருந்தது. அதனால் பதில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

அண்ணன் கேதீஸ்வரனை இயக்கம் கடைசி மாதங்களில் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. தப்பி ஓடிவந்து தாயோடு ஒளிந்திருந்தான். சண்டை முடிந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்கள்கூடத் தாங்களாக வந்து பதிய வேண்டும், விசாரித்து விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் ராணுவம் சொன்னது. மனோன்மணி அதை நம்பினாள். அவளே மகனின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஒப்படைத்தாள். ஒப்படைக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போனது. அதில் போனவர்களைப் பற்றிப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

அவனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று இலங்கை அரசு அதிகாரிகள் ஊரிலிருந்து ஆள் மூலம் சொல்லிவிட்டபோது, "செத்த சான்றிதழ் ஆர் கேட்டது? நான் உயிரோட குடுத்த பிள்ளையைத் தாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு எண். சுகந்தினி கொல்லைப்பக்கம் போனாள்.

"வணக்கம் அக்கா. அம்மா எப்பிடி இருக்கிறா?" என்றது குரல். முன்பு அம்மாவிடம் சாட்சியம் வாங்கிய மொழிபெயர்ப்பாளர். "அண்டைக்குச் சொன்ன பஸ்ஸைப் பற்றி ரெண்டொரு கேள்வி இருக்கு. கதைக்கக்கூடிய நிலையில இருக்கிறாவோ?"

"அம்மா விடியக்காலமை செத்துப்போனா."



"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. அவா சொன்னதெல்லாம் பத்திரமா இருக்கு."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு நீதிமன்றம் கேக்கும் வரைக்கும்."

"எந்த நீதிமன்றம்?"

"அது இன்னும் முடிவாகேல்லை."

போன தையில் அவரும் ஒரு வெள்ளைக்காரப் பெண் வழக்கறிஞரும் திரையில் வந்து அம்மாவிடம் சாட்சியம் வாங்கினார்கள். நடந்தது இனப்படுகொலை என்று நிறுவுவதற்கு நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்று அந்தப் பெண் விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நோக்கம் எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை? ஆமி அடிச்ச செல் எங்க விழுந்தது எண்டு தெரியும். ஆஸ்பத்திரியில விழுந்தது. கஞ்சிக்கு நிண்ட வரிசையில விழுந்தது. அங்கதான் என்ர மனுசன் செத்தவர்."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அதுக்கு முதல், கிளிநொச்சியில இருந்து ஐ.நா. ஆக்கள் வெளிக்கிட்டவை. நாங்கள் வாசல்ல மறிச்சு நிண்டனாங்கள். சாப்பாடு வேண்டாம், நீங்கள் இங்க இருந்து பாத்துக்கொண்டிருந்தாலே போதும், போகாதேங்கோ எண்டு கெஞ்சினனாங்கள். வாகனம் போயிட்டுது. பிறகு ஆகாயத்தில இருந்து படம் எடுத்தவையாம். எல்லாரும் பாத்தவைதானே? பிறகேன் என்னட்டைக் கேக்கிறியள்?"

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். வழக்கறிஞர் குனிந்திருந்தாள். பிறகு, மகன் பஸ் ஏறியபோது கூட யார் இருந்தது என்று கேட்டாள்.

"நான் மட்டும்தான். மகள் சின்னப் பிள்ளை. தண்ணி எடுக்கப் போயிட்டாள். ஒண்டும் பாக்கேல்லை."

கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. சுகந்தினியின் குடியுரிமை மனு ஆபீசில் கிடக்கிறது, வன்னியில் சித்தி குடும்பம் இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் அம்மா அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"அக்கா, பஸ்ஸைப் பாத்த ஆக்கள் வேற ஆரும்…" என்றார் அவர் இப்போது கைப்பேசியில்.

"பிரேதம் கிடக்கு. வைக்கிறன்."

குளிப்பாட்டி முடித்துப் பாடையில் வைத்தார்கள். முகாமிலிருந்து வந்த பெண்கள் ஒப்பாரி வைக்க, மம்சாபுரத்துப் பெண்கள் புரிந்த இடங்களில் சேர்ந்து அழுதார்கள். தூக்குகிற நேரத்தில் ஐயாதுரை அவளைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் செத்துட்டான்னு நான் சொல்ல மாட்டேன் மாமா" என்றாள் சுகந்தினி. "நாங்க அவனை உசிரோட ஒப்படைச்சோம். வாங்கினவுக பதில் சொல்லல. அவுக சொல்லாம நானா எப்படி முடிச்சு வைப்பேன்?"

"அப்ப அவன் பேரைச் சொல்லி பாலா வைக்கட்டும்."

"அவன் பேரைச் சொல்லி நான் வைக்கேன்."

"பொம்பளைக சுடுகாட்டுக்கு வரக்கூடாது மதினி" என்றாள் பாண்டீஸ்வரி மெதுவாக.

ஐயாதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வரட்டும். ஏலே, தூக்குங்க."

சுடுகாட்டில் மலைப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சுகந்தினி குடத்தோடு சிதையை மூன்று முறை சுற்றினாள். வெட்டியான் மொக்கைச்சாமி யார் கொள்ளி என்று கேட்டபோது, "மகன் கேதீஸ்வரன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கொள்ளியை வாங்கினாள். மொக்கைச்சாமி அவளையும் பாலகணேஷையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "திரும்பிப் பாக்காமப் போ தாயி" என்றார்.

அண்ணன் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் அன்றைக்கு அவள் ஓடியது அம்மாவுக்குத் தெரியும். ஜன்னல் வழியாக அண்ணன் என்ன சொன்னான் என்பது தெரியாது. "அம்மாவோட கோவிக்காத" என்றான். எத்தனையோ முறை அதைச் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். சொன்னால், நடக்கப்போவது அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று அம்மா புரிந்துகொள்வாள். அதனால் கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் ஊற்றி, காடாற்றிவிட்டு வந்து குளித்தாள். தலைமுடியைத் துவட்டாமல் கைப்பேசியை எடுத்தாள்.

"நம்ம மனு இன்னும் ஆபீஸ்ல கெடக்குல்லா" என்றான் பாலகணேஷ். "நீ சாட்சி சொல்லி, பேரு வெளிய தெரிஞ்சா? உங்க சித்திக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆகலாம்."

"இம்புட்டு வருசமாக் கேட்டுட்டு என்ன செஞ்சிட்டாக அவிய?"

"ஒண்ணும் செய்யல."

அவன் மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

திரையில் மொழிபெயர்ப்பாளரின் முகம் வந்தது. பஸ்ஸைத் தானும் பார்த்ததாக அவள் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெயரில இருந்து தொடங்குங்கோ அக்கா. ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் இடையில மறிக்கமாட்டன்."

வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வண்டியில் விழுந்தன. சுகந்தினி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அப்போதும் கேட்டது. திரும்ப வந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் குழாய் விழும்வரை காத்திருந்தாள்.