ராக்காயி புஞ்சையில் ஒரு துளை

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. சிவகாசியில் காலண்டர் லோடு ஏற்றக் காத்திருந்தபோது என் தாய்மாமா தங்கச்சாமி சிரித்துக்கொண்டே சொன்னார். ஓசிச் சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காதே என்பது எங்கள் கடைவீதிப் பாடம். புரட்டினேன். அடியில் மாமாவே இருந்தார்.

2
முதல் தொடக்கம்: "கோடானுகோடி ஆண்டுகளாகக் கரிசலுக்கு அடியில் உறங்கிய ஆதிப்பாறை, அன்று..."

வேண்டாம். பாறை சும்மா கிடந்தது. உறக்கமில்லாதவள் ராக்காயி.

சரி, நேராகவே சொல்கிறேன். தாயில்பட்டிப் பக்கம் அவள் புஞ்சையில் அரசாங்க ஆய்வுக்காரர்கள் துளை போட வந்தார்கள். அடியில் என்ன பாறை, அதில் தாது உண்டா என்று உருளை உருளையாகக் கல்லை வெட்டியெடுத்துப் பார்க்கும் வேலை. ராக்காயி பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பவள். பக்கத்து ரூம் வெடித்ததில் தங்கை மாரிசெல்வி போய்விட்டாள். தண்ணீர் கிடைத்தால் வெள்ளாமை வைத்து அந்த வேலைக்கு முழுக்குப் போடலாம் என்றிருந்தாள்.

(தங்கையைக் கதைக்காகச் சாகடித்தேனோ என்று சந்தேகப்படும் வாசகர் எங்கள் பக்கம் ஒருமுறை வந்து போகவும்.)

3
எங்கள் ஊரில் போர் வண்டி காற்றை ஊதித் துளைக்கும், புழுதி பறக்கும். தண்ணீர் வந்தால் ஊற்று என்று அர்த்தம். ஆய்வு எந்திரம் வேறு ரகம். முனை சூடேறாமலிருக்க உள்ளே தண்ணீரைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அது மேலே திரும்பி வரும். அந்தத் தண்ணீரை டேங்கரில் கொண்டுவந்து விற்றவர் மாமா.

டேங்கர் வருவது ஆய்வு ஆட்கள் குளிக்க என்று நினைத்திருந்தாள் ராக்காயி. துளைவாயில் தண்ணீர் பொங்கியதும் குலவையிட்டாள். சர்க்கரைப் பொங்கல் வைத்து ஆய்வு இன்ஜினியருக்கும் மாமாவுக்கும் பரிமாறினாள்.

"அண்ணாச்சி, தண்ணி வந்திருச்சுல்ல?"

"வருது தாயி. கண்ணால பாக்கியே."

"வேலை முடிஞ்சா குழிய எனக்கே விட்டுட்டுப் போயிருவாகளா?"

"அவுக எதுக்கு அதத் தூக்கிட்டுப் போகப் போறாக? பொங்கல இன்னுங் கொஞ்சம் வையி."

(மாமா இதில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வியாபாரிகள் சொல்லமாட்டோம்.)

4
மறுநாள் கம்பெனியில் போர்மேன் பாண்டிச்செல்வத்திடம் போய் நின்றாள்.

"நாளைலருந்து வரலண்ணே. புஞ்சையில தண்ணி விழுந்திருச்சு."

"சீசன்ல காலை வாருறியே. திரும்பி வந்தா எடம் இருக்காது, சொல்லிட்டேன்."

"இருக்க வேண்டாங்கேன். இந்தக் கையப் பாருங்க, கழுவக் கழுவப் போகாத மருந்து வெள்ளி. இனி இது கடலைச்செடி பிடுங்குற கை."

(இங்கே நிறுத்தியிருந்தால் நான் நல்லவன்.)

5
ஆய்வு முடிந்தது. டேங்கர் போனது. துளையில் சிமெண்ட் ஊற்றி அடைத்தார்கள், விதி அப்படி.

"வந்த தண்ணிய ஏன் சார் அடைக்கீக?"

இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது நாங்க ஊத்துன தண்ணிம்மா."

"பொங்கலத் திங்கையில சொல்லியிருக்கலாமே சார்."

அப்போது ராக்காயியின் முகம்...

எழுத வரவில்லை. விடுங்கள்.

6
முடிவுகள்.

அ) கீழே தாது இருந்தது. நிலம் போகும்.

ஆ) தாது இல்லை. நிலம் இருக்கும், தண்ணீர் இருக்காது.

இ) மாமா மனம் திருந்தி... (இதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். புரையேறும்வரை சிரித்தார்.)

இப்போது ராக்காயி சாலையோரம் நிற்கிறாள். கம்பெனி வேன் வருகிறது. அவள் இடத்தில் பானுப்பிரியா என்று ஒரு புதுப்பெண். வேன் நிற்கிறது, பாண்டிச்செல்வம் தலையை நீட்டுகிறார்.

"என்ன தாயி, கடலை எம்புட்டு மூட்டை?"

உள்ளே சிரிப்பு. ராக்காயி நகரவில்லை. அவர் கை கதவில் இருக்கிறது. திறந்தால், தங்கை போன ரூமுக்குப் பக்கத்து ரூம். திறக்காவிட்டால் அடுப்பு எரியாது. எது நல்ல முடிவு, சொல்லுங்கள். பேரத்தில் பிறந்து வளர்ந்த நானும் பேசிப் பார்த்துவிட்டேன். நடுவில் ஒரு விலை படியவில்லை.